உதவலாம்

சட்டையின் வலது தோளில் இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்ததும் அந்த இடம் பழுத்தது. முதலில் எலுமிச்சைத் தோலின் நிறம். பெட்டியைத் தூக்கி இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள், தேன் நிறம். மூன்றாவது தரம் வைக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரல் அகலத்தில், ஓரம் மட்டும் கறுத்த பழுப்பு. அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் அறையில் பாகு கருகும் வாடை மெல்ல எழுந்தது.

பதினெட்டு வருஷமாகச் சலவைக் கடையில் கறை பார்க்கிறவள் அவள். வருகிற துணியை மேஜைமேல் விரித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, விரலால் தடவி, தேவைப்பட்டால் மோந்தும் பார்த்து, இது எண்ணெய், இது மை, இது ரத்தம் என்று துண்டுச் சீட்டில் எழுதி ஊக்கால் குத்திவிடுவது அவள் வேலை. கண்ணுக்குத் தெரிகிற கறைகளை அவள் பெரிதாக மதிப்பதில்லை. சர்க்கரைதான் கள்ளன். பட்டபோதும் தெரியாது, காய்ந்த பிறகும் தெரியாது, துணி துணியாகவே இருக்கும். சூடு பட்டால்தான் முகத்தைக் காட்டும். அதற்குள் பாதி வேலை கெட்டிருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் நாத்தனார் தன் தம்பியை, இவள் புருஷனை, கீழே பூங்காவில் நடக்கக் கூட்டிப் போனபோது போட்டுவிட்ட சட்டை இது. ஒரு மணி நேரம்தான் உடம்பில் இருந்தது. துவைக்க வேண்டாம், ஒரு தேய்ப்புத் தேய்த்தால் நாளை ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று எடுத்திருந்தாள். பெட்டி படாத இடத்தில், கொஞ்சம் கீழே, இன்னொரு சொட்டு இருக்கிறதா என்று விரலால் தேடினாள். இருந்தது. கஞ்சி போட்டது போல ஒரு பொட்டு விறைப்பு. நாக்கு நுனியில் விரலை நனைத்து அதன்மேல் வைத்தாள். எண்ணெயாக இருந்தால் ஈரம் மேலேயே நிற்கும். இது உள்ளே இறங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் பிசுக்கென்று ஒட்டிக்கொண்டது.

ஆறு வாரமாக அந்த வீட்டில் சர்க்கரை கிடையாது.

அவள் புருஷன் கடைப் பெயர்ப் பலகைகளுக்கு விளக்குப் போடுகிறவன். நான்கு மாதத்துக்கு முன்னால் ஏணியின் கால் வழுக்கி, அப்படி ஒன்றும் பெரிய உயரம் இல்லை, நடைபாதைக் கல்லின் விளிம்பில் இடது பக்கத் தலை மோத விழுந்தான். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தவனுக்கு வலது கை பாதிதான் சொன்னதைக் கேட்டது. வாயின் வலது ஓரத்தில் எச்சில் கசிந்தது. இரண்டு முறை வலிப்பு வந்தது. சொற்கள் போய்விட்டிருந்தன. எதிரில் இருப்பது என்னவென்று தெரியும், பெயர் மட்டும் வராது. கதவைக் காட்டிக் காட்டி, 'அது, அது' என்று தவிப்பான். அவற்றையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். இருபது வருஷமாக அவளை 'ஏய்', 'இந்தா', 'நீ' என்றே கூப்பிட்டவன், மீண்டு வந்ததிலிருந்து 'நீங்க' என்றான். கதவைத் திறந்துவிட்ட யாரோ ஒரு அம்மாளிடம் பேசுவது போல அவ்வளவு மரியாதையாக. 'நீங்க சாப்டீங்களா?' என்று அவன் கேட்ட முதல் நாள் அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

சாப்பாட்டு யோசனை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த பெண்ணிடமிருந்து வந்தது. வட்டக் கண்ணாடி, வேகமான பேச்சு, சட்டைப் பையில் நாலு நிறப் பேனா. சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், சர்க்கரை எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டு, வெண்ணெய், பாலாடை, முட்டை, மீன், எண்ணெய் என்று கொழுப்பாகவே கொடுத்தால் உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதிலிருந்து வருகிற சத்தை அடிபட்ட மூளை எளிதாக எடுத்துக்கொள்ளும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத சில குழந்தைகளின் வலிப்புக்கு இதை வெகு காலமாகக் கொடுத்து வருகிறார்கள், ஆனால் தலையில் அடிபட்டவர்களுக்கு இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று விளக்கினாள். மூன்று மாத ஆய்வு. வாரம் ஒருமுறை வர வேண்டும், என்ன சாப்பிட்டார் என்று தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். சேர்ந்தால் பேச்சுப் பயிற்சியும் அதோடு கிடைக்கும். கடைசியில், "உதவலாம்மா" என்றாள்.

அந்த 'லாம்' அவள் காதில் முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் அது அவளுடைய சொல். கடைக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் முதலாளியம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான். வாடிக்கையாளரிடம் 'கறை போகும்' என்று ஒருநாளும் சொல்லாதே, 'போகாது' என்றும் சொல்லாதே, 'போகலாம்' என்று சொல். போனால் நமக்குப் பெயர். போகாவிட்டால் நாம் ஒன்றும் பொய் சொல்லவில்லை. பதினெட்டு வருஷத்தில் எத்தனை கல்யாணப் புடவைக்கு, எத்தனை கோட்டுக்கு, துணியைத் தொட்ட மாத்திரத்தில் போகாது என்று தெரிந்தும், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு அவள் 'போகலாம்' சொல்லியிருக்கிறாள். அந்த முகத்தை இப்போது மேஜைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்குத் தெரிந்துதான் சொல்கிறாளா? இவர்களுக்கு வேண்டியது தாளில் ஏறுகிற கணக்கா, என் ஆளா? கையெழுத்துப் போட்ட பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

முதலாளியம்மாவிடம் சொன்னபோது அவர் வவுச்சர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "உன் வீட்டுக்காரருக்குக் கொழுப்பைக் கூட்டச் சொல்றாங்களா? எங்க வீட்டு ஆளுக்கு இருக்கிறதை இறக்க ஒரு டாக்டர் கிடைச்சாச் சொல்லு" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு வீடு தராசின் வீடாகிவிட்டது. வெண்ணெய் இத்தனை கிராம், கீரை இத்தனை கிராம், முட்டை இரண்டு. சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். தினமும் காலையில் அவன் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கி எடுத்து, புட்டியின் மேல் ஒட்டியிருந்த நிறங்களோடு வைத்துப் பார்ப்பாள். கொழுப்பு எரிந்தால் பட்டை கத்தரிப்பூ நிறமாக மாற வேண்டும். அது மட்டும் அவளுக்குப் பிடித்தது. நிறத்தை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். இரண்டாவது வாரம் பட்டை அடர்ந்து வந்தது. வலிப்பு வரவில்லை. மத்தியானத்தில் தூங்கி விழுவது குறைந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே, தெளிவாக, "ஸ்க்ரூ" என்றான். மேஜைமேல் ஒரு ஸ்க்ரூ கிடந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் இதை அவளே முந்திக்கொண்டு சொன்னாள். வட்டக் கண்ணாடிப் பெண் பச்சைப் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் பட்டை வெளிறத் தொடங்கியது. கத்தரிப்பூ ரோஜாவானது, ரோஜா சோகையானது. தண்ணீர் நிறையக் குடித்தாலும் வெளிறும் என்று ஆலோசகர் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, "வேற ஏதாவது சாப்பிடறாரா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். இல்லை என்றாள் இவள். தாளிலும் பட்டியலில் இல்லாதது ஏதாவது என்ற கட்டத்தில் நாலு வாரமாக 'இல்லை' என்றே எழுதியிருந்தாள்.

சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் உட்கார இடம் கேட்காது, நின்றுகொண்டே வீட்டைச் சுற்றிப் பார்க்கும். அவள் மாத்திரைகளின் மேல்பூச்சைச் சந்தேகப்பட்டாள். வெண்ணெய் விற்ற கடையைச் சந்தேகப்பட்டாள். தராசையே சந்தேகப்பட்டு, கடையிலிருந்து எடை தெரிந்த பித்தான் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்து நிறுத்துப் பார்த்தாள். தராசு சரியாகத்தான் இருந்தது. நாத்தனார் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய பையின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். மூடியிருந்தது. மூடியிருந்ததையும் குறித்துக்கொண்டாள்.

நாத்தனார் புருஷனுக்கு மூத்தவர். பள்ளிக்கூட வேனில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி வீடு திரும்பிய மறுநாள் ஒரு பையோடு வந்து இறங்கினார். பகலெல்லாம் அவனைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் இவள் வேலைக்குப் போயிருக்கவே முடியாது. அது இவளுக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே எதையும் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. இன்னொன்றும் தெரியும், அதைத் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் அக்காவை 'நீ' என்றான். சின்ன வயசிலிருந்து சொன்ன மாதிரியே. அவன் விழுந்தபோதும் அந்த ஓர் எழுத்து உடையாமல் இருந்திருக்கிறது, இவளுடையது உடைந்துவிட்டது.

சட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அன்றைக்கு வேலைக்குப் போனாள். பதினொரு மணிக்கு முதலாளியம்மாவிடம் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டு கிளம்பினாள். மூன்று மாடியையும் சத்தமில்லாமல் ஏறினாள். சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி ஏறுகிறோமே என்று இரண்டாவது மாடித் திருப்பத்தில் வெட்கமாக இருந்தது. ஆனாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நாத்தனார் குரல். "இது?" என்றது. நாற்காலி கிறீச்சிட்டது. வெகுநேரம் கழித்து அவன் குரல், மேட்டில் வண்டி தள்ளுவது போல, "ஸ்... ஸ்பா... ஸ்பேனர்." பிறகு ஒரு சரசரப்பு, காகிதம் பிரிகிற சத்தம். "இது?" என்று மறுபடி.

அவள் கதவைத் தள்ளினாள். மேஜைமேல் அவனுடைய வேலைப் பை திறந்து கிடந்தது. விழுந்த நாளிலிருந்து கட்டிலுக்கடியில் அவள் தள்ளி வைத்திருந்த பை. ஸ்பேனர், கொறடா, சுத்தியல், ஒயர்ச் சுருள் எல்லாம் வரிசையாகப் பரப்பியிருந்தன. பக்கத்தில் நாலைந்து மிட்டாய்க் காகிதங்கள், ஒவ்வொன்றும் நான்காக மடித்து. அவன் வலது கன்னம் உப்பியிருந்தது. நாத்தனார் எதையும் மறைக்கவில்லை. கையிலிருந்த கொறடாவை மட்டும் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா அண்ணி?"

"அவன் ஸ்க்ரூ சொன்ன நாள்லேர்ந்து. அதுக்கு முந்தின நாள்னு வச்சுக்கோ."

அவள் சுவரில் சாய்ந்தாள். பச்சைப் பேனாவால் எழுதிக்கொண்ட ஸ்க்ரூ. முந்திக்கொண்டு சொன்ன ஸ்க்ரூ.

நாத்தனார்தான் பேசினார், தணிந்த குரலில், வேனில் அழுகிற பிள்ளைக்கும் திட்டுகிற டிரைவருக்கும் நடுவில் நின்று பேசிப் பழகிய குரலில். "நீ தராசை வச்சு அளந்து போடறே. தப்புன்னு சொல்லலை. ஆனா அவன் தட்டைப் பாத்துட்டு உன் முகத்தைப் பாக்கறான், முழுங்கறானான்னு நீ பாக்கறதை அவன் பாக்கறான். ஒரு சொல்லு வருமா? பேச மாட்டேன்னு உக்காந்திருக்கிற புள்ளையைப் பேச வைக்க எனக்கு இந்த ஒரு வித்தைதான் தெரியும். ஒரு பொருள், ஒரு பேரு, ஒரு மிட்டாய்."

"அவர் புள்ளை இல்லை அண்ணி."

"எனக்கு எல்லாரும் வேன்ல ஏறினவங்கதான். உன்னையும் சேத்து." சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு குரல் கொஞ்சம் ஏறியது. "அந்தக் கண்ணாடிக்காரப் பொண்ணு என்னத்தைக் கண்டா? 'உதவலாம்'. நீயே சொல்லு, உன் கடையில போகலாம் போகலாம்னு சொல்லி வாங்கி வைக்கிறியே, எத்தனை கறை போயிருக்கு?"

அவள் மேஜைமேல் கிடந்த காகிதங்களைப் பார்த்தாள். இத்தனை நாள் ராத்திரி பகலாக அவளே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் அதற்கு வேறு பதில் இருந்தது.

"சிலது போயிருக்கு அண்ணி" என்றாள்.

இரண்டு பேரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். வாயிலிருந்த மிட்டாயை உள்ளங்கையில் உமிழ்ந்தான். சிவப்பு, பாதி கரைந்தது. நடுங்குகிற வலது கையால் அதை அவள் பக்கம் நீட்டி, "நீங்க... எடுத்துக்கங்க" என்றான். சட்டைக் கையில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள், சொல்லுங்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி லிஃப்டில் மூன்று பேரும் நின்றார்கள். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு பேசாத நாத்தனார் அங்கேதான் வாயைத் திறந்தார். கண்ணாடியில் தெரிந்த இவள் முகத்தைப் பார்த்தபடி, சொல்லிவிடாதே என்றார். இனிமேல் கொடுக்கவில்லை, சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணுகிறேன், ஆனால் சொன்னால் இவனை இதிலிருந்து எடுத்துவிடுவார்கள், பேச்சுப் பயிற்சியும் அதோடு போய்விடும், அந்தப் பயிற்சியை மட்டும் கெடுத்துவிடாதே என்று கெஞ்சினார். அதிகாரம் பண்ணியே பழகியவர் கெஞ்சுவதைக் கேட்க இவளுக்குச் சங்கடமாக இருந்தது. சொல்லாமல் இருப்பது எவ்வளவு எளிது என்றும் தோன்றியது. ஆறாவது வாரத்துத் தாள் கைப்பையில் இருந்தது. 'இல்லை' என்று இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான். மூன்று எழுத்து.

கடையில் துணி வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, 'என்ன பட்டது?' பாதிப் பேர் உண்மையைச் சொல்வதில்லை. மதுவைப் பழரசம் என்பார்கள், தலைச் சாயத்தை மை என்பார்கள். அதை நம்பி ஒரு மருந்தைப் போடுவாள், கறை துணியோடு துணியாக இறுகிவிடும். அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. பொய் சொன்னவர்கள் வந்து துணியைப் பார்த்துவிட்டு இவளைத்தான் திட்டிவிட்டுப் போவார்கள்.

ஆலோசகரின் மேஜைமேல் முதலில் சட்டையை விரித்தாள். பழுப்பு வட்டம் மேலே தெரிகிற மாதிரி. பிறகு சொன்னாள். மிட்டாய், ஒரு நாளைக்கு நாலோ ஐந்தோ, மூன்று வாரத்துக்கு மேலாக. தாளில் எழுதியதெல்லாம் தெரியாமல் எழுதியது, ஆனால் தப்பாக எழுதியது. வீட்டில் அண்ணி சாமான்களை வைத்துப் பேர் கேட்டதையும் சொன்னாள், மிட்டாயை யார் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. நாத்தனார் தன் பையின் ஜிப்பை ஒரு தரம் திறந்து மூடினார்.

வட்டக் கண்ணாடிப் பெண் பழைய தாள்களை எடுத்து, பச்சையில் எழுதியிருந்ததன்மேல் விரலை ஓட்டினாள். அவளுக்கும் அந்த ஸ்க்ரூ பிடித்திருந்திருக்கும் போல. முகம் வாடியது தெரிந்தது.

"எதனால வந்துச்சும்மா அந்தப் பேச்சு?" என்று இவள் கேட்டாள். ஆறு வாரச் சந்தேகமும் அந்த ஒரு கேள்வியில் ஏறி உட்கார்ந்திருந்தது. "சாப்பாட்டாலயா, மிட்டாயாலயா? உண்மையைச் சொல்லுங்க."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். "எனக்குத் தெரியாதும்மா. அடிபட்டு இத்தனை மாசம் ஆனதால தானா வந்ததாக்கூட இருக்கும். உங்க அண்ணி மேஜைல சாமானை வச்சுக் கேட்டதாலயும் இருக்கும். பிரிச்சுச் சொல்ல எனக்கு வழி தெரியலை."

இவள் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் பேனா மை, சரியாகத் தூங்காத ஒரு சின்னப் பெண். 'எனக்குத் தெரியாது' என்று தன் கடையில் ஒருநாளாவது யாரிடமாவது சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தாள். இல்லை.

அப்போது அவன் பேசினான். எல்லோரும் மறந்துவிட்டிருந்த நாற்காலியிலிருந்து. "நான்... நான் கேட்டேன். அக்காவை... திட்டாதீங்க." சொல்லி முடித்ததும் நெற்றி வேர்த்துவிட்டது. நாத்தனார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆலோசகர் பேனாவை எடுத்து எழுதப் போனவள், எந்த நிறத்தில் எழுதுவது என்று தெரியாதவள் போல நாலு பேனாவையும் பார்த்தாள்.

பெரிய டாக்டரிடம் கேட்க வேண்டும், தொடர்வதா வேண்டாமா என்று அடுத்த வாரம்தான் தெரியும், அதுவரை பட்டியல்படியே கொடுங்கள், நீங்களாக எதையும் சட்டென்று நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். பேச்சுப் பயிற்சியைப் பற்றி இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வெளியே நீண்ட நடை. மருந்து வாங்கும் வரிசையைத் தாண்டி, படிக்கட்டுக்குப் பக்கத்தில், கூரையில் ஒரு குழல் விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் அதன் கீழே போய்வந்துகொண்டிருந்தார்கள். அவன் நின்றுவிட்டான். தலையைச் சாய்த்து, அந்தத் துடிப்பை எண்ணுகிறவன் போலப் பார்த்தான். வலது கை தானாக எழுந்து, வேலைக்குப் போகும்போது டெஸ்டரைச் செருகிக்கொள்கிற சட்டைப் பையைத் தடவி, அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு அப்படியே நெஞ்சில் நின்றது. உதடுகள் எதையோ தேடின. சொல்லை எடுத்துக்கொடுக்க நாத்தனார் வாயைத் திறந்தார். இவள் அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

விளக்கு அணைந்து எரிந்தது. இரண்டு பெண்களும் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ வழியை மறைத்துக்கொண்டிருந்தார்கள், பின்னாலிருந்து ஒரு குரல் கொஞ்சம் நகருங்க என்றது. ஒருவரும் நகரவில்லை.